ராகு காலத்தில் காணாமல் போன சப்பாத்து

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மிச்சக் கதையைச் சொல்வது சுலபம். எங்கள் ஊரில் மனிதர் ஏறக்கூடிய ஆக உயரமான இடம், கோயில் தேருக்கு ஏறுகிற தேர்முட்டி. அதற்குப் பதினான்கு படி. அதையும் நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததுதான் அதிகம். அப்படிப்பட்ட நான், ஐம்பத்தாறாவது வயதில், நோர்வேயில் ஒரு கல்மலையின் உச்சிக்குப் பயணத் திட்டம் போட்டேன். போட்டதோடு நிற்கவில்லை, ஆட்களையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மலையின் பெயரைச் சொல்லமாட்டேன். என்னால் அதற்கு நேர்ந்த அவமானம் போதும்.

அப்போது நான் ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தேன். எண்பது பேருக்கான சாப்பாடு, பன்னிரண்டு மணி என்றால் பன்னிரண்டு மணிக்கு மேசைக்குப் போகும். (தாளில் எழுதி வைத்துக்கொண்டு அல்ல. நான் நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எல்லாக் கணக்கும் தலைக்குள்தான்.) பதினைந்து வருடமாக என்னோடு ஒரே மேசையில் நின்று உருளைக்கிழங்கு உரித்தவள் தூரிட். லில்லெஸ்ட்ரோமிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். என்னைவிட நாலு வயது மூப்பு. முறைப்படி அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். ஆனால் இந்த நாட்டில் பிரதமரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், நான் என்ன செய்ய?

தூரிட்டுக்கு வலது முழங்கால் தேய்ந்து போயிருந்தது. இலையுதிர் காலத்தில் வெட்டி இரும்பு வைப்பதாக இருந்தது. ஒருநாள் கிழங்கு உரித்துக்கொண்டு இருக்கும்போது சொன்னாள்: பன்னிரண்டு வயதில் அப்பாவோடு ஒரு மலை உச்சிக்குப் போனாளாம். அங்கே ஒரு தகரப் பெட்டிக்குள் புத்தகம் ஒன்று இருக்குமாம். ஏறி வந்தவர்கள் அதில் தங்கள் பெயரை எழுதலாம். அப்பாவின் பெயருக்குக் கீழே இவளும் எழுதினாளாம். அப்பா போய்விட்டார், கணவரும் போய்விட்டார், மகன் வடக்கே எங்கோ மீன் பண்ணையில். காலை வெட்டுவதற்கு முதல் ஒருதரம் போய்ப் பெயர் எழுதிவிட்டு வரவேண்டும் என்று ஆசை. வெட்டிய பிறகு அந்தக் கால் என்ன சொல்லுமோ தெரியாது. தனியாகப் போகவும் பயம்.

இதைக் கேட்டு நான், "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் கிழங்கை உரித்திருக்கலாம். வாய் விட்டால்தானே?

"நானும் மலை ஏறினவள்தான்" என்றேன்.

பொய் இல்லை. திருகோணமலையில் கோணேசர் கோயில் மலையில்தான் இருக்கிறது. பஸ் உச்சி வரைக்கும் போகும் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

தூரிட்டின் முகம் அடுப்புப் பற்றினதுபோல் வெளித்தது. "அப்ப நீ வருவாயா, கமலா?"

"வருவது மட்டுமில்லை. திட்டம் முழுக்க என் பொறுப்பு. நீ முழங்காலைப் பார்த்துக்கொள்."

அவள் தன் பங்குக்கு மூன்றே மூன்று விஷயம் சொன்னாள். ஒன்பது மணிக்கு மலையடியில் இருந்து நடக்கத் தொடங்க வேண்டும். ஒரு மணிக்கு உச்சி. மத்தியானத்துக்குப் பிறகு அந்த மலையில் காலநிலை மாறும், ஆகவே இரண்டு மணிக்கு எங்கே நின்றாலும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும், திரும்பிவிட வேண்டும். ஜூலை இரண்டாம் வாரம், சனிக்கிழமை என்று நாளும் குறித்தோம். நான் எல்லாவற்றுக்கும் பெரிய தளபதி மாதிரித் தலையாட்டினேன்.

ஹவுகெட்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்து மேசையில் வரைபடத்தை விரித்தேன். அது சுருண்டுகொண்டே இருந்ததால் ஒரு மூலையில் சோற்றுப் பானையை வைத்தேன். என் கணவர் சிவம், பஸ் ஓட்டுநர், வேலையால் வந்து பானைக்கு அடியில் மலையைக் கண்டார்.

"உதென்ன?"

"மலை. சனிக்கிழமை ஏறப் போறம். நீங்கள்தான் கார் ஓட்டுறியள்."

"நீர் ஏறப் போறீரோ? போன மாதம் லிஃப்ட் பழுதான அண்டைக்கு, மூண்டாம் மாடிக்கு வர மூண்டு இடத்திலை குந்தினனீர்."

"அது சாமான் பையோடை."

"அப்ப மலைக்குச் சாமான் கொண்டு போகமாட்டீர்?"

நானோ மனதுக்குள் அறுபது மரக்கறி ரோல்ஸ் என்று ஏற்கெனவே கணக்குப் போட்டுவிட்டேன். பிறகுதான் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் தமிழ்க் கடைக் கலண்டரைப் பார்த்தேன். சனிக்கிழமை. ராகு காலம், ஒன்பது முதல் பத்தரை வரை.

"இஞ்சேருங்கோ! தூரிட் சொன்ன ஒன்பது மணி சரியா ராகு காலம்."

"இருக்கட்டும். ராகு தன்ரை வேலையைப் பாக்கட்டும், எங்கடை வேலையை நாங்கள் பாப்பம்."

"தெரியாத மலையிலை ராகு காலத்திலை கால் வைக்கிறதோ? அதுவும் காலிலை நோ உள்ள மனுசியைக் கூட்டிக்கொண்டு?"

"அப்ப வேளைக்கு வெளிக்கிடுவம். நாலு மணிக்குக் காரை எடுத்தா ஏழு மணிக்கு மலையடி."

"நாலு மணிக்கெண்டால் ரோல்ஸை ஆர் பொரிக்கிறது?"

"முதல் நாள் பொரிச்சு வையுமன்."

"ஆறின ரோல்ஸை நான் இவ்வளவு காலத்திலை ஆருக்காவது குடுத்தனானோ?"

அவர் கை கழுவப் போய்விட்டார். முப்பது வருட அனுபவம். (தூரிட் உச்சியைத் தவறவிட்டது மலையில் அல்ல, அந்த மேசையில்தான், ரோல்ஸ் என்ற சொல்லில்தான் என்று அவர் இன்றைக்கும் சொல்வார்.)

மகள் ஆரணி ஒஸ்லோவிலேயே பிறந்தவள், அப்போது பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, தூரிட்டிட்டைச் சொல்லுங்கோவன், பத்தரைக்குத்தான் தொடங்கலாமெண்டு" என்றாள்.

"சொன்னால் சிரிப்பா."

"சிரிச்சா என்ன?"

"நாலாம் வகுப்பெண்டாலும் எனக்கும் ஒரு மரியாதை இருக்கடி."

ஆக, என் திட்டம் இதுதான்: ஒன்பது மணிக்கு மலையடிக்குப் போவது. ஆனால் பத்தரை மணி வரைக்கும் தூரிட்டைச் சாப்பிட வைத்தே நிறுத்துவது. மரக்கறி ரோல்ஸ் அறுபது, கடலை வடை, புளிச்சாதம், கேசரி, இரண்டு பிளாஸ்க் தேத்தண்ணி. கலியாணப் பந்தியே ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும், ஒரு நோர்வேக்காரியை என்னால் மறிக்க முடியாதா?

நாலு மணிக்கு வெளிக்கிட முடியாது என்ற நான், இரண்டரைக்கே எழும்பிப் பொரித்தேன். (இதையும் அவர் இன்றைக்கும் சொல்வார்.) ஆறு மணிக்கு லில்லெஸ்ட்ரோமில் தூரிட்டை ஏற்றினோம். கார் முழுக்க எண்ணெய் வாசம். மலையடியில் கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தபோது ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருந்தது. வானம் கழுவின கோப்பை மாதிரி இருந்தது. தூரிட் இறங்கினாள், சப்பாத்தை இறுக்கினாள், முதுகுப்பையைப் போட்டாள். ஒரு நிமிடத்தில் ஆயத்தம். அவளுடைய பைக்குள் பழுப்புச் சீஸ் வைத்த பாண் நாலு துண்டு, ஒரு தோடம்பழம், ஒரு சொக்லேட்.

நாங்கள் காரின் பின்கதவைத் திறந்தோம்.

பாயை விரித்தேன். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சம்மணம் கொட்டி இருந்தேன். "முதலில் ஒரு வாய் சாப்பிடுவோம், எங்கள் வழக்கம்" என்றேன். தூரிட் மரியாதையுள்ள பெண். ஒரு ரோல் சாப்பிட்டாள், இரண்டாவதும் சாப்பிட்டாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். நான் கேசரியை நீட்டினேன். நாலாவது ரோலுக்கு இடுப்புப் பட்டியைத் தளர்த்தினாள். நேரம் ஒன்பதே முக்கால்தான் ஆகியிருந்தது.

நேரத்தைப் போக்கப் பக்கத்துக் கார்க்காரரையும் கூப்பிட்டேன். ஒஸ்லோ பஸ்ஸில் பக்கத்துக் கதிரையில் இருந்தால்கூட முகம் பார்க்காத சனம், மலையடிக்கு வந்தால் எல்லோருக்கும் வணக்கம் சொல்லும். தாடி வைத்த இரண்டு பொடியன்கள் வந்து ஆளுக்கு ஐந்து ரோல்ஸ் சாப்பிட்டு, நன்றி சொல்லி, மலையில் ஏறிப் போய்விட்டார்கள். அவர்கள் போவதைத் தூரிட் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பத்தேகாலுக்குக் கேசரி முடிந்தது. தேத்தண்ணியும் முடிந்தது. தூரிட் பையைத் தூக்கினாள். "போவோமா, கமலா?"

இன்னும் கால் மணித்தியாலம் வேண்டும். அந்த நேரத்தில் என் மூளை வேலை செய்த வேகத்துக்கு, படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன். என் வலது சப்பாத்தை மெல்ல இழுத்து, மடித்து வைத்த போர்வைக்குள் சொருகி, அதன்மேல் ஏறி இருந்துகொண்டேன்.

"ஐயோ" என்றேன், "என்ர சப்பாத்து ஒண்டைக் காணேல்லை!"

(பதறினால் எனக்கு நோர்வே மொழி வராது. பிறகு அதை நோர்வே மொழியிலும் சொன்னேன்.)

தேடினார்கள். தூரிட் காரைச் சுற்றினாள். இருக்கைகளுக்குக் கீழே பார்த்தாள். பிறகு, இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது, அந்தத் தேய்ந்த முழங்காலைச் சரளைக் கல்லில் ஊன்றிக் காருக்கு அடியிலும் பார்த்தாள். சிவம் மிச்ச ரோல்ஸ் இருந்த கூலர் பெட்டியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், "சிவசிவா" என்று தன் பெயரையே இரண்டுதரம் சொன்னார். ஆரணி "அம்மா..." என்று தொடங்கினாள். நான் முழித்த முழியில் நிறுத்தினாள்.

பத்து முப்பத்தொன்றுக்கு, "ஆ! இஞ்சை போர்வைக்குள்ளை கிடக்கு" என்றேன்.

ஏறத் தொடங்கினோம். பாதை என்று ஒன்று இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது கல். லொறி லொறியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, பரப்புவதற்கு ஆள் வராமல் விட்டதுபோல் கல். இடைக்கிடை பெரிய கல்லில் சிவப்பு நிறத்தில் ஒரு T எழுத்துப் பூசியிருந்தது, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் போக வேண்டும். ஒற்றை எழுத்துப் புத்தகம். எனக்கு ஏற்றதுதான். பள்ளிக்கூடப் பழைய சாமான் சந்தையில் வாங்கிய என் சப்பாத்து ஒரு அளவு பெரிது. நான் ஒரு அடி வைத்தால் அது அரை அடி வைத்தது. பத்து அடிக்கு ஒருதரம் நின்று இயற்கைக் காட்சியை இரசித்தேன். அவ்வளவு இரசித்த பெண் அந்த மலையில் வேறு யாரும் இருக்கமாட்டாள். சிவம் கூலர் பெட்டியைத் தோளில் வைத்து, காவடிக்காரர் மாதிரி பின்னால் வந்தார். தூரிட் இரண்டு தடியை ஊன்றி, வலியில் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, ஆனால் ஒரு இடத்திலும் நிற்காமல் முன்னே போனாள்.

ஒரு மணித்தியாலம் கழித்து ஒரு கல்லில் இளைப்பாறினோம். ஆரணிக்குப் பொறியியல் மூளை சும்மா இருக்குமா?

"அம்மா, ராகு காலம் சூரியன் எழும்பிறதிலையிருந்துதானே கணக்கு?"

"ஓம். பகலை எட்டாப் பிரிக்கிறது. சனிக்கிழமைக்கு மூண்டாவது பங்கு."

"அது ஆறு மணிக்கு எழும்பி ஆறு மணிக்குப் படுக்கிற சூரியனுக்கு. இஞ்சை நாலேகாலுக்கு எழும்பிப் பத்தரைக்கெல்லோ படுக்குது? பதினெட்டேகால் மணித்தியாலம். எட்டாப் பிரிச்சா ஒரு பங்கு ரெண்டேகாலுக்கு மேலை." விரலில் எண்ணினாள். "அப்ப மூண்டாம் பங்கு ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னம் தொடங்கி, பதினொண்டு தாண்டி முடியுது. பத்தரைக்கு வெளிக்கிட்டு, அம்மா, நீங்கள் சரியா ராகுவின்ர வயித்துக்குள்ளை கால் வைச்சிருக்கிறியள்."

சிவம் கூலர் பெட்டியைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு மூச்சு இல்லை. "ஒண்டரை மணித்தியாலம் காத்து நிண்டு" என்றார், "தேடிப் பிடிச்சு வைச்சிருக்கிறீர்."

இதெல்லாம் தமிழில் நடந்ததால் தூரிட்டுக்கு விளங்கவில்லை. என்ன என்று கேட்டாள். "வெயிலைப் பற்றிக் கதைக்கிறோம்" என்றேன். அதிலும் பொய் இல்லை.

இரண்டு மணிக்குக் கால் மணித்தியாலம் இருக்கும்போது உச்சி தெரிந்தது. கல்லை அடுக்கிக் கட்டிய ஒரு கூம்பு, அதற்குப் பக்கத்தில் ஏதோ மினுங்கியது. "அதுதான் பெட்டி" என்று தூரிட் கையை நீட்டினாள். அறுபது வயது முகத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி வந்து நின்றாள். அவள் நீட்டிய விரலுக்கும் பெட்டிக்கும் நடுவில், மறுபக்கத்திலிருந்து பனிப்புகார் ஏறி வந்தது. பாலைக் காய்ச்சிவிட்டு மறந்தால் எப்படிப் பொங்கி வழியுமோ அப்படி. முதலில் பெட்டி மறைந்தது, பிறகு கூம்பு மறைந்தது, பிறகு அடுத்த சிவப்பு T-யும் மறைந்தது.

தூரிட் கையைக் கீழே விட்டாள். "திரும்புவோம்" என்றாள்.

"இவ்வளவு தூரம் வந்துவிட்டா? இன்னும் அரை மணித்தியாலம்தானே!"

"திரும்பிப் போவதில் வெட்கம் இல்லை, கமலா. எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தருவார்கள்."

எங்கள் ஊரில் திரும்பி வருவதில் மட்டும்தான் வெட்கம். ஆனால் அப்போது எனக்கு வந்த வெட்கம் அது இல்லை. அவள் தடியை ஊன்றித் திரும்பியபோது அந்த வலது முழங்காலில் சரளைக் கல் குத்திய அடையாளம் இன்னும் காற்சட்டையில் இருந்தது. ஒன்பது மணிக்குத் தொடங்கியிருந்தால் இந்நேரம் அவள் பெயரை எழுதிவிட்டு இறங்கியிருப்பாள். என்னால் அடக்க முடியவில்லை. புகாருக்குள் நின்று, எனக்குத் தெரிந்த சமையலறை நோர்வே மொழியில் எல்லாவற்றையும் கொட்டினேன். கலண்டர், ராகு, ரோல்ஸ், போர்வை, சப்பாத்து. நடுவில் அழுகையும் வந்தது.

தூரிட் முழுவதையும் கேட்டாள்.

"சப்பாத்து எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன?"

"நீ அதன்மேல் இருந்தாய். லேஸ் நுனி போர்வைக்கு வெளியே தொங்கியது."

"தெரிந்துமா காருக்கு அடியில் தேடினாய்? அந்தக் காலோடு?"

"நீ மலையைக் கண்டு பயந்துவிட்டாய் என்று நினைத்தேன். சொல்ல வெட்கப்படுகிறாய், கொஞ்சம் நேரம் கொடுத்தால் பயம் தெளியும் என்று தேடிக்கொண்டே இருந்தேன்."

எனக்கு அழுகை அப்படியே நின்றது. "பயமோ? எனக்கோ?" என்றேன். பதினைந்து வருடச் சிநேகிதி என்னைப் பற்றி நினைத்தது இதுவா? தூரிட் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். அவள் சிரிக்கச் சிவம் சிரித்தார், ஆரணி சிரித்தாள், கடைசியில் வழியில்லாமல் நானும் சிரித்தேன். அந்தப் புகாருக்குள் எங்களைப் பார்த்தவர்கள் மலைப் பேய்கள் என்று நினைத்திருப்பார்கள்.

இறங்கியது பெரிய கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். மழை பெய்தது. சிவம் கூலர் பெட்டியின் மூடியைத் தலையில் பிடித்தார். நான் பெரும்பாலும் இருந்தபடியே இறங்கினேன்; சிவத்திடம் இரவல் வாங்கிய காற்சட்டையின் பின்பக்கம் அந்த மலையில்தான் இன்னும் இருக்கிறது. பாதிவழியில் பின்னாலிருந்து "ஹேய், ரோல்ஸ் அம்மா!" என்று அவர்கள் மொழியில் குரல் கேட்டது. அந்தத் தாடிப் பொடியன்கள். உச்சிக்குப் போய்விட்டு இறங்கி வருகிறார்கள். ஒருவன் தூரிட்டின் பையையும் வாங்கிக்கொண்டான், மற்றவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். மிச்சம் இருந்த ரோல்ஸும் அந்த இடத்திலேயே முடிந்தது.

"புத்தகத்தில் எங்கள் பெயருக்குக் கீழே எழுதிவிட்டு வந்தோம்" என்றான் ஒருவன். "மலையடியில் ரோல்ஸ் தந்த தமிழ் அம்மாவுக்கு நன்றி என்று."

ஏறி வந்தவள் நான். உச்சிக்குப் போனது என் ரோல்ஸ்.

ஒக்டோபரில் தூரிட்டிடமிருந்து தொலைபேசி வந்தது. "வியாழக்கிழமை இரண்டரை மணிக்குக் கால் வெட்டுகிறார்கள். பத்திரிகையில் சூரிய நேரம் பார்த்து எட்டாகப் பிரித்தேன். நேராக ராகுவுக்குள் விழுகிறது. டாக்டரிடம் என் சப்பாத்தைக் காணவில்லை என்று சொல்லட்டுமா?"

"போ விசரி, அதெல்லாம் ஒன்றும் இல்லை" என்றேன். அந்த வியாழக்கிழமை இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் சாமி விளக்கடியை விட்டு நான் எழும்பவில்லை என்பது அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு ஒருவரும் "நேரமாகும்" என்று சொல்வதில்லை. கலியாண வீட்டுக்கு வெளிக்கிடப் பிந்தினாலும், வரிப் படிவத்தை நிரப்பப் பஞ்சிப்பட்டாலும், பல் வைத்தியரிடம் போகப் பின்வாங்கினாலும், "சப்பாத்தைக் காணேல்லை" என்பதுதான் பேச்சு. ஆரணியின் பிள்ளைகளுக்குத் தமிழில் முதலில் வந்த முழு வசனமும் அதுதான். பெருமைப்படவா வேண்டாமா என்று தெரியவில்லை.

அடுத்த கோடையையும் விட்டு, அதற்கடுத்த கோடையில் இரும்பு முழங்காலோடு தூரிட்டும் நானும் திரும்பவும் போனோம். ஞாயிற்றுக்கிழமை. எட்டரைக்குக் கால் வைத்தோம்; எந்த நாட்டு ராகுவும் அந்த நேரத்தில் எழும்பவில்லை. ஆறின ரோல்ஸ் பத்து, ஒரு தோடம்பழம், ஒரு சொக்லேட். சிவமும் ஆரணியும் மலையடியில் காத்திருந்தார்கள். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னம் நான் அந்தத் தகரப் பெட்டியைத் தொட்டேன்.

தூரிட் தன் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே அவளுடைய அப்பாவின் பெயரையும் எழுதினாள். பிறகு பேனையை என்னிடம் தந்தாள். கை விறைத்துப் போயிருந்தது. எழுத்துக் கூட்டி, கமலாதேவி என்று தமிழில் எழுதினேன். அவசரப்படவில்லை. ஏறி வந்த பாட்டுக்கு அந்த ஐந்து எழுத்தும் வடிவாக இருக்க வேண்டும்.

தூரிட் பேனையைத் திரும்ப வாங்கி, என் பெயருக்குப் பக்கத்தில் தன் மொழியில் ஒரு வரி எழுதினாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். நீயே வாசி என்றாள். மலைக்குளிரில் கண் கலங்க, எழுத்தெழுத்தாக, முழுவதையும் வாசித்து முடித்தேன்.

"இரண்டு சப்பாத்தோடும் வந்தாள்."